மூன்று பூட்டுப் பெட்டி

வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று அண்ணியைக் கேட்டால் பொழுது போவது தெரியாமல் பேசுவாள். பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதி வெள்ளைதான். ஒன்று பால் வெள்ளை, ஒன்றில் லேசாக நீலம் ஓடும், இன்னொன்று வெயிலிலேயே கிடந்து பழைய பல்லைப் போல மஞ்சள் பாய்ந்திருக்கும். புதுக் கதவு பக்கத்துக் கதவோடு ஒட்டிப்போகிற மாதிரி பெயிண்ட் கலக்குவது அவள் வேலை. வேலையாட்களிலிருந்து வாடிக்கையாளர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணிதான்.

அன்று காலையும் டப்பாவில் கறுப்பை ஊசிமுனையளவு தொட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். கை கலக்கியது. கண் மட்டும் அலமாரி மேலிருந்த செல்ஃபோனை விட்டு நகரவில்லை.

கொழுந்தன் இன்னும் கூப்பிடவில்லை.

கடைசித் தவணைக்கான காயினை வாங்கிவிட்டுப் பேசுகிறேன் என்று நேற்றுப் போனவன். அந்தக் காயின் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தால்தான் அவளுடைய மகளுக்கு விடிவு. புருஷன் அடித்து ஒடித்த கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, மூன்று வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறியவள் அவள். பேர் தெரியாத ஒரு தெருவில் வாடகை அறையில் ஒளிந்திருக்கிறாள். நாளைக்கு அங்கே கோர்ட்டு. வக்கீலுக்குக் கட்டணமும், பிள்ளையைத் தனியாக வளர்க்கத் தன்னிடம் வசதி உண்டு என்று காட்டுகிற தொகையும் இன்றைக்குள் போகவேண்டும். போகாவிட்டால் பிள்ளை தகப்பனிடம்.

பாங்கில் கேட்டுப் பார்க்காமல் இல்லை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அரசாங்கம் புதிதாகப் போட்டிருக்கும் கட்டுப்பாட்டில், ஒரு ஆள் வருஷத்துக்கு அனுப்பக்கூடிய தொகை அந்த அறைக்கு ஒரு மாத வாடகைக்குக் காணாது. "அதுக்கு மேல வேணும்னா மேலிடத்து அனுமதி வரணும்மா. வரும், ஆனா உங்க பேரன் காலேஜ் போற சமயத்துல வரும்" என்று கவுன்ட்டர்க்காரர் சிரிக்காமல் சொன்னார்.

அதனால்தான் காயின், கிரிப்டோ என்கிறார்களே அது. பணத்தைக் கொடுத்துக் காயினாக வாங்கி, ஃபோனுக்குள் இருக்கும் பெட்டியில் போட்டு, இங்கிருந்து அமுக்கினால் அங்கே வக்கீலின் பெட்டியில் போய் விழும். நடுவில் பாங்கு கிடையாது. மாட்டினால் ஜெயில் உண்டு.

அந்தப் பெட்டி இவர்கள் வீட்டுக்கென்றே போட்ட பெட்டி. பொதுவில் இருந்த கடையை விற்ற பணத்தில் அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நாளில், "யாரும் யாரையும் ஏமாத்த முடியாதபடி ஒரு ஏற்பாடு இருக்கு" என்று உட்கார்ந்து போட்டுக் கொடுத்தவர் இந்த வீட்டுக்கு அப்போது புது மாப்பிள்ளை. அண்ணன் ஃபோன், தம்பி ஃபோன், அண்ணி ஃபோன். மூன்றில் எந்த இரண்டு அமுக்கினாலும் பணம் போகும். ஒன்று மட்டும் அமுக்கினால் போகாது.

அதற்கு மேல் அண்ணி ஒரு சட்டம் போட்டாள். பணம் போய்ச் சேரவேண்டிய முகவரி எழுத்தும் எண்ணுமாக ஒரு முழ நீளம் இருக்கும். அதன் கடைசி நாலையும் ஒருவர் ஃபோனில் வாசித்துக் காட்ட வேண்டும், மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் அமுக்குவது.

ஃபோன் 'டிங்' என்றது.

"என்னங்க, வந்திருக்கு."

பட்டறையில் பெரியவர் என்கிற அவள் புருஷன் ஒரு வேனுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "அமுக்கித் தள்ளு. என் புள்ள நிம்மதியா தூங்கட்டும்."

"தம்பி இன்னும் கூப்பிடலையே. வாசிச்சுக் காட்டாம எப்படி அமுக்குறது?"

"வேலையா இருப்பான். நீயே பார்த்துக்க."

பார்த்தாள். மொத்தப் பணத்தையும் அனுப்பச் சொல்லிக் கொழுந்தனின் ஃபோனிலிருந்து வந்திருந்தது. 'ஒருவர் சம்மதித்துவிட்டார், இன்னொருவர் தேவை.' வக்கீலின் முகவரி முடிவது ஏழு, கே, ரெண்டு, எம். அவளுக்கு அது தூக்கத்திலும் வரும். இதில் முடிவு நாலு, நாலு, டி, எக்ஸ்.

இன்னொரு தடவை பார்த்தாள். "ஏங்க, இது வக்கீலம்மாவோடது இல்லை."

பெரியவர் வெளியே வந்து ஃபோனை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் ஏறுவது கழுத்திலிருந்தே தெரிந்தது.

"காட்டிட்டான் பார்த்தியா, புத்தியை. என் பொண்ணு பணம். அவ ஒடிஞ்ச கையோட அங்க கிடக்குறா, இவன் சுருட்டப் பார்க்குறான்."

"தம்பி அப்படிப்பட்டவர் இல்லைங்க. கூப்பிட்டா எடுக்கலையே, ஏதோ…"

"எடுப்பானா? திருடன் எடுப்பானா?" ஜாக்கிக் கம்பியைச் சுவரிலிருந்து உருவினார்.

"கம்பி எதுக்கு?"

"பேசத்தான்."

"கம்பியோட என்ன பேச்சு?"

"அவனுக்குக் கம்பியைப் பார்த்தாத்தான் காது கேக்கும்."

அவரைத் தனியே விடப் பயந்து வேனில் தொற்றிக்கொண்டாள். பின்னால் பெயிண்ட் கரைக்கிற தின்னர் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. வழி நெடுக அவர் தம்பியின் பிறப்பு முதல் நேற்று வரை ஒவ்வொரு குற்றமாக எடுத்து அலசினார். குறுக்கே பேசினால் அடுத்த வண்டியில் மோதுவார் என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

கொழுந்தனின் ஃபோன் ரிப்பேர் கடை, இரும்பு அறுக்கும் பட்டறை ஒன்றை ஒட்டினாற்போல் இருந்தது. அங்கே அறுவை மெஷின் ஓடினால் தெருவில் இடி விழுந்தாலும் கேட்காது. இப்போது விட்டு விட்டு ஓடிக்கொண்டிருந்தது.

கடை ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது.

"பட்டப்பகல்ல கடையைச் சாத்திட்டு என்ன வேலை? நீ வண்டியிலேயே இரு." பெரியவர் கம்பியோடு குனிந்து உள்ளே நுழைந்தார். "டேய், திருட்டு ராஸ்கல், வெளிய வாடா" என்ற குரல் பாதியில் அறுந்தது. கனமான ஏதோ தரையில் விழுந்தது.

அண்ணி வேனை விட்டு இறங்கி ஷட்டரின் கீழ் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

முதலில் தெரிந்தது கொழுந்தனின் கால்கள். செருப்பில்லாமல், நாற்காலிக் காலோடு சார்ஜர் ஒயரால் இறுக்கிக் கட்டியிருந்தது. கண்ணை மேலே ஓட்டினாள். இடது கண் இருந்த இடத்தில் ஒரு வீக்கம். வலது கையில் இரண்டு விரல் மடங்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது. முன்கையில் சால்டரிங் இரும்பால் வைத்த சூடு, சட்டைப் பித்தான் தைத்த மாதிரி வரிசையாக. மேசையில் அந்த இரும்பு இன்னும் புகைந்தது.

அவளுக்குக் கத்தத் தோன்றியது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

உள்ளே இரண்டு பேர். ஒருவன் நெட்டை. இன்னொருவன் தொப்பிக்காரன். பெரியவர் குப்புறக் கிடந்தார், பின்மண்டையிலிருந்து ரத்தம் காதைச் சுற்றி வழிந்தது. ஜாக்கிக் கம்பி மூலையில் உருண்டு கிடந்தது. நெட்டையன் அவர் விலாவில் உதைத்தான். இன்னொரு தடவை உதைத்தான். ஏதோ முறிகிற சத்தம் அறுவையை மீறிக் கேட்டது. பிறகு அறுவை நின்றது, உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது.

"நாங்களே ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வரணும்னு இருந்தோம். நீயா நடந்து வந்துட்ட. மரியாதை தெரிஞ்ச குடும்பம்" என்றான் நெட்டையன். "தம்பி அமுக்கியாச்சு. ரெண்டு பேர் போதும்னு எங்களுக்குத் தெரியும். உன் ஃபோனை எடு."

பெரியவர் தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தார். அடிக்கத் தேடி வந்த முகம் அது. அவர் வாய் கோணியது. சின்னப் பிள்ளை மாதிரி அழப்போகிறார் என்று அண்ணிக்குப் பட்டது. "டேய்… நான் என்னடா நினைச்சு…"

"நல்லா நினைச்சிருப்பே" என்றான் தம்பி, உடைந்த உதட்டால். "எனக்குத் தெரியாதா உன்னை?"

தொப்பிக்காரன் சால்டரிங் இரும்பை எடுத்தான். "குடும்பக் கதை அப்புறம். அண்ணன் ஃபோனைத் திறக்கலைன்னா தம்பிக்கு மிச்சக் கண்ணு கிடையாது."

அண்ணியின் கையில் ஃபோன் இருந்தது. போலீஸைக் கூப்பிடலாம். வந்தால் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, இந்தப் பணம் எப்படிக் கடல் தாண்டப்போகிறது என்பதாக இருக்கும். பணம் முடங்கும், அண்ணன் தம்பி இருவர் கையிலும் விலங்கு ஏறும், மகளுக்கு ஒன்றும் போகாது. கூப்பிடாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் புருஷன் அமுக்கிவிடுவார். அமுக்கத்தான் வேண்டும், தம்பி கண் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? பணம் போகும், பேரன் போவான்.

மூன்றாவது ஒரு வழி இருந்தது.

வக்கீலின் முகவரிக்கு அவளே ஒரு கோரிக்கை போடலாம், மொத்தப் பணத்துக்கும். அது அவர் ஃபோனில் மேலே வந்து நிற்கும், திருடர்களுடையது ஒரு வரி கீழே இறங்கும். அவள் சம்மதம் அதிலேயே சேர்ந்திருப்பதால், அவர் மேலே இருப்பதை அமுக்கினால் மகளுக்குப் போகும். போனது தெரிந்த மறு நிமிஷம், உள்ளே இருக்கும் இருவரையும் இவர்கள் என்ன செய்வார்கள்?

ஒரு பக்கம் மகள். இன்னொரு பக்கம் கட்டிய புருஷனும், தாயில்லாமல் அவள் கையில் சாப்பிட்டு வளர்ந்த கொழுந்தனும்.

ஃபோனில் கட்டைவிரலை வைத்தாள். 'அடையாளம் தெரியவில்லை' என்றது. விரலில் காலையில் கலக்கிய வெள்ளை காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது. பல்லால் சுரண்டினாள். பெயிண்டோடு தோலும் வந்தது. மறுபடி வைத்தாள். திறந்தது.

ஏழு, கே, ரெண்டு, எம். வாய்க்குள் வாசித்து, தானே திருப்பிச் சொல்லிக்கொண்டு அமுக்கினாள்.

உள்ளே பெரியவரின் ஃபோன் 'டிங்' என்றது.

"என்ன சத்தம்?" நெட்டையன் திரும்பினான்.

"நீங்க அனுப்பச் சொன்னதுதான்" என்றான் கொழுந்தன் சட்டென்று. "அமுக்குற வரைக்கும் அப்படித்தான் நச்சரிக்கும். என் பொண்டாட்டி மாதிரி."

அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

நெட்டையன் ஃபோனைப் பெரியவர் முகத்துக்கு நேரே பிடித்தான். அது திறந்தது. அவர் புருவத்து ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு பார்த்தார். உதடு அசைந்தது. சத்தமில்லாமல் நாலு அசைவு. அந்த நாலும் என்ன என்று ஷட்டருக்கு வெளியே இருந்தே அவள் படித்தாள்.

அவர் கண் ஷட்டரின் இடுக்குக்கு வந்தது. அவளைப் பார்த்ததா தெரியாது. அங்கிருந்து தம்பியிடம் போனது. தம்பி வீங்காத கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான்.

"மேல இருக்கிறதுதானே?" பெரியவர் பணிவாகக் கேட்டார்.

"ஆமா, அமுக்கு."

அமுக்கினார். பச்சையாக ஒரு குறி வந்தது. தொப்பிக்காரன் இரும்பைக் கீழே வைத்துவிட்டு, ஸ்பீக்கரில் யாரையோ அழைத்தான். "அனுப்பியாச்சு சார். பார்த்துச் சொல்லுங்க."

மறுமுனையில் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. கோபமே இல்லாத, மெத்தென்ற குரல். "ஒண்ணும் வரலையே. பெட்டி காலியாயிடுச்சு, ஆனா என்கிட்ட வரலை."

அண்ணிக்கு அந்தக் குரல் தெரியும். நாலு வருஷமாக அவளை "அத்தை" என்று கூப்பிட்ட குரல். மகள் படியில் விழுந்துவிட்டாள், கை லேசாக ஒடிந்திருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று இதே மென்மையோடு சொன்ன குரல். மூன்று பூட்டையும் போட்டுக் கொடுத்தவருக்கு, எந்த இரண்டு போதும் என்று தெரியாமலா இருக்கும்?

"சரி, அங்க நீங்க முடிச்சுக்குங்க" என்றார் மாப்பிள்ளை. "இங்க நான் நேர்லயே பேசிக்கிறேன்." இணைப்பு அறுந்தது.

நெட்டையன் பெரியவரைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். மேசையிலிருந்து நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல், கொழுந்தனின் வலது விலாவுக்குக் கீழே குத்தினான். பிடி வரைக்கும் உள்ளே போயிற்று.

அடுத்து நடந்ததை அண்ணி பின்னால் யோசித்துப் பார்த்தபோது, வேன் கதவை எப்போது திறந்தாள் என்பது நினைவுக்கு வரவில்லை. தின்னர் கேனின் மூடியைத் திருகிக்கொண்டே ஷட்டருக்கு அடியில் உருண்டாள். எழுந்த வேகத்தில் நெட்டையன் முகத்தில் வீசினாள். கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினான். மிச்சம் மேசையில் கொட்டியது. இரும்பு அங்கேதான் சூடாக இருந்தது.

குப்பென்று பிடித்தது. நீலமாக எழுந்து மஞ்சளாக விரிந்தது. தொப்பிக்காரனின் சட்டைக் கை பற்றிக்கொண்டது. தட்டினான், மற்றக் கைக்கும் தாவியது. பெரியவர் ஒடிந்த விலாவோடு தரையில் ஊர்ந்து மூலைக் கம்பியை எட்டிப் பிடித்தார். படுத்த வாக்கிலேயே நெட்டையன் முழங்காலில் வீசினார். காய்ந்த விறகு முறிகிற சத்தம். விழுந்தவன் மேல் மறுபடி வீசினார். மறுபடியும்.

"போதும்ங்க. தம்பியை அவிழுங்க. தம்பியைப் பாருங்க."

அவருக்குக் காதில் விழவில்லை. அவள் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். அதன் பிறகே அவர் நிறுத்தினார். தொப்பிக்காரன் எரிகிற கையோடு ஷட்டரைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினான். நெட்டையன் இழுத்த காலோடு தவழ்ந்து வெளியேறினான். அவனைப் பிடிக்க யாருக்கும் நேரமில்லை. அறுவைப் பட்டறைக்காரர்கள் அப்போதுதான் புகையைப் பார்த்து வாளியோடு ஓடி வந்தார்கள்.

வேனை அண்ணி ஓட்டினாள். பின்னால், கேன்களைத் தள்ளிவிட்டு, தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர். குத்தின ஸ்க்ரூ டிரைவரை உருவாதே என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதைச் சுற்றி அவர் தன் சட்டையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"கம்பி எதுக்குண்ணே கொண்டுவந்தே? அவங்க இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?"

பெரியவர் மூச்சை இழுத்தார். விலா வலித்தது போலும். "உன்னை அடிக்கத்தான்டா கொண்டுவந்தேன்."

"அதானே பார்த்தேன்." சிரிக்கப் போய் வாயில் ரத்தம் வந்தது. "முதல் தடவையா கரெக்ட்டான நேரத்துக்கு வந்திருக்கே."

"பேசாதடா. பேசாம இருடா, என் ராசா."

அண்ணி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் மகளை அழைத்துக்கொண்டே இருந்தாள். லைன் பிஸி. மறுபடி பிஸி. 'நேர்லயே பேசிக்கிறேன்.' எங்கே போய் நேரில் பேசுவான்? அந்த அறை அவனுக்குத் தெரியாது. தெரிந்தது இந்தக் குடும்பத்தில் மூன்று பேருக்கு மட்டும். தெரியாதவரைக்கும் பயமில்லை.

"அண்ணி." குரல் ரொம்பக் கீழே இருந்து வந்தது.

"சொல்லுப்பா. இதோ வந்தாச்சு, ஆஸ்பத்திரி கிட்ட வந்தாச்சு."

"பணத்துக்கு மட்டும் சூடு வைக்கலை, அண்ணி. அதுக்கு ஒரு சூட்டுலயே அமுக்கிட்டேன். எப்படியும் இன்னொருத்தர் வேணும், நீங்க வாசிக்காம அமுக்க மாட்டீங்கன்னு தெரியும்." நிறுத்தி மூச்சு வாங்கினான். "மிச்சச் சூடெல்லாம் பாப்பா ஒளிஞ்சிருக்கிற விலாசத்துக்கு. எட்டுச் சூடு வரைக்கும் தாங்கினேன். அப்புறம் சொல்லிட்டேன், அண்ணி."

பெரியவர் தம்பியின் நெற்றியில் வைத்த மறு கையை எடுக்கவில்லை.

அண்ணி பிரேக்கை மிதிக்காமல் சிவப்பு விளக்கைத் தாண்டினாள். பின்னால் ஹாரன்கள் அலறின. மறுபடி அழைத்தாள். மணி போயிற்று.

"அம்மா." மகளின் குரலில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வெளிச்சம். "வந்திருச்சும்மா. வக்கீலம்மாவோடதான் இவ்வளவு நேரம் பேசிட்டு இருந்தேன். மொத்தமும் வந்திருச்சு. நாளைக்கு நமக்குத்தான்னு சொல்றாங்க. சித்தப்பா எங்க? சித்தப்பாகிட்ட குடு, நான் பேசணும்."

"பாப்பா, நான் சொல்றதை மட்டும் கேளு. கதவு பூட்டியிருக்கா?"

"பூட்டித்தான் இருக்கு. ஏன், என்னாச்சு?"

"தாழ்ப்பாளும் போடு. யார் தட்டினாலும் திறக்காதே. வக்கீலம்மா ஆளுன்னு சொன்னாலும் திறக்காதே. புள்ளையைத் தூக்கிட்டுப் பாத்ரூமுக்குள்ள போய் உள்பக்கம் பூட்டிக்க. போலீஸைக் கூப்பிடு. உன் புருஷனுக்கு விலாசம் தெரிஞ்சிருச்சு."

மறுமுனையில் நாற்காலி விழுந்தது. பாதங்கள் ஓடின. "கண்ணா, இங்க வா. கண்ணா, எங்கடா இருக்கே?" மகளின் குரல் ஃபோனை விட்டு விலகி, ஓர் அறை தாண்டிப் போனது. காற்று அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், தெருவின் இரைச்சல், தூரத்தில் ஏதோ வண்டி.

மகள் ஃபோனுக்குத் திரும்பி வந்தபோது கத்தவில்லை. மூச்சை மட்டும் விட்டுப் பேசினாள்.

"அம்மா, புள்ள ஸ்டூலைப் போட்டு ஏறி அவங்கப்பாவுக்குக் கதவைத் திறந்துட்டாம்மா."